பாதையில் மட்டை இல்லை

போத்தலில் ஒட்டும் தாளில் மலர்க்கொடி தன் கையாலேயே எழுதுவாள்: "மருந்தே படாத வல்லாரைச் சாறு." அப்படி எழுத அவளுக்கில்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது? மலாக்காவில் புலாவ் செபாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அவளும் நானும் களைக்கொல்லி மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து பாதி ஆயுளைக் கழித்தவர்கள். அதில் போன அவளுடைய நகங்கள் இன்னும் சரியாக முளைக்கவில்லை. மருந்து என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

தோட்டத்து வேலை குத்தகைக்காரர்கள் கைக்குப் போனதும், தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தோம். அங்கேதான் சாறு வியாபாரத்தைத் தொடங்கினாள். வீட்டுக்குப் பின்னால் வல்லாரை போட்டாள். இஞ்சியும் எலுமிச்சையும் எதிர்வீட்டு மருதமுத்துவின் கொல்லையிலிருந்து வந்தன. மகன் சுகுமாரன் அலோர் காஜா ஞாயிறு சந்தையில் கடை போட்டான். சாறு பிழிந்தால் முதல் கிளாஸ் மட்டும் எப்போதும் மருமகள் கோமளாவுக்குத்தான். காத்துக் காத்துக் கிடந்து இப்போதுதான் கோமளாவுக்கு ஐந்தாம் மாதம். அந்த வயிற்றை மலர்க்கொடி பார்க்கிற பார்வையில் எனக்கே பொறாமை வரும்.

வியாபாரம் சூடுபிடித்தது. வீட்டு வல்லாரை போதவில்லை. பின்னால் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் அது பாய் விரித்த மாதிரி கிடந்தது.

"உள்ள போவாதடி, மருந்தடிப்பானுங்க" என்றேன்.

"அடிச்சிருந்தா மட்டை கெடக்கும்லா. எனக்கே பாடம் நடத்துறியா வேலாயி?"

அது எங்கள் வழக்கம். மருந்தடித்த மர நிரையின் முகப்பில் ஒரு பச்சைச் செம்பனை மட்டையை வெட்டிக் குறுக்கே போட்டுவிடுவோம். கீரை பறிக்க வருகிறவளும் மாடு ஓட்டி வருகிறவனும் அதைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள். தோட்டத்து லய வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மட்டை இல்லை. வாய்க்காலில் தவளைச் சத்தமே இல்லை என்றும், நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன என்றும் பின்னால்தான் சொன்னாள். வெயிலுக்கு அப்படி என்று நினைத்தாளாம். இலை பச்சைப் பசேலென்று இருந்ததால் கூடை நிறையப் பறித்து வந்தாள்.

புதன்கிழமை கோமளா வாந்தி எடுத்தாள்.

"மசக்கைலா" என்றாள் மலர்க்கொடி.

ஐந்தாம் மாதத்தில் என்ன புது மசக்கை? வாயைத் திறக்கச் சொன்னேன். கோமளா நாக்கை நீட்டிக் காட்டினாள். ஓரமெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. மருந்து உள்ளே போனால் வாய் இப்படித்தான் ஆகும், தோட்டத்தில் பார்த்திருக்கிறோம்.

"எச்சிகூட முழுங்க முடியலத்தே."

மலர்க்கொடி செருப்பைக்கூட மாட்டாமல் வாய்க்காலுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். இருபுறமும் புல் மஞ்சளாகிப் படுத்துக் கிடந்தது. அவள் பறிக்காமல் விட்ட வல்லாரையும் மஞ்சள். அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, நாலைந்து நாள் கழித்துத்தான் அந்த மஞ்சள் வரும். எத்தனையோ நிரைகளில் எங்கள் கையாலேயே வரவைத்தது. நிரை முகப்பில் மட்டை மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? எங்கிருந்தோ லாரியில் வந்து, அடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகிற குத்தகை ஆட்களிடம் நாங்கள் யாராவது அந்த வழக்கத்தைச் சொல்லி வைத்தோமா?

"நாந்தான்டி குடுத்தேன். என் கையாலே குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கோமளாவை மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வயிற்றுக் குழந்தைக்கு இதயத்துடிப்பு இருக்கிறது, வேறெதுவும் இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சாற்றைக் குடிக்க வேண்டாம் என்று சுகுமாரன் ஃபேஸ்புக்கில் போட்டான். சந்தையில் வாங்கிப் போனவர்களில் யார் அதைப் பார்த்தார்களோ தெரியாது. ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து மலர்க்கொடி மருமகளின் மாற்றுத்துணியை எடுத்துப் போகத் தன் வீட்டுக்கு வந்தாள். உள்ளே போகும் முன் தோட்டத்திலிருந்து ஒரு பச்சை மட்டையை வெட்டி இழுத்து வந்து, தன் வீட்டு வாசலுக்குக் குறுக்கே போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. போத்தலில் இருந்த முகவரியைப் பார்த்து வந்தவள். இடுப்பில் குழந்தையோடு இறங்கி, சேலை சிக்காமல் தூக்கிப் பிடித்து, மட்டையைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"ஆன்ட்டி, வல்லாரை ஜூஸ் இருக்கா? போன வாரம் வாங்குனது முடிஞ்சிருச்சுலா. பாப்பாகூட நல்லா குடிச்சா."

மலர்க்கொடி கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையிடம் போனாள்.

"கண்ணு, எங்க, ஆ காட்டு" என்றாள்.