ஹாலில் வயலின், சமையலறையில் புல்லாங்குழல்

திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடிவந்தபோது ஹாலில் ஒரு ஸ்பீக்கருக்குத்தான் இடமிருந்தது. இன்னொன்று நிற்கவேண்டிய மூலையை ஃபிரிட்ஜ் பிடித்துக்கொண்டது. ஒயரை நீட்டி, அதைச் சமையலறை அலமாரியில் ஏற்றினேன். ஒரே செட்டில் இரண்டு அறைக்குப் பாட்டு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று தொடங்கியது சண்டை. எனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றில் வயலின்கள் சேர்ந்து எழும்போது ஆளையே உருக்கிவிடும். சமையலறையிலிருந்து மனைவி, "அந்தப் பாட்டுக்கே புல்லாங்குழல்தான் உயிரு" என்பாள். அதில் புல்லாங்குழலே கிடையாது என்பேன். "காதுல பஞ்சு வெச்சிக்கினு கேட்டா எப்படிங்க கேக்கும்?" என்பாள். விழுப்புரத்து ஆபீசிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதே, இன்று எந்தப் பாட்டைப் போட்டு அவளை மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வருவேன். ரசனை கெட்டவளைக் கட்டிக்கொண்டோமே என்று வருத்தமும் படுவேன். அவளும் தன் தங்கையிடம் என்னைப் பற்றி அதையேதான் சொல்லிவந்தாள்.

போன பொங்கலுக்கு வந்த மகள், விழுப்புரத்தில் உசத்தியான செட் ஒன்று வாங்கி, ஃபிரிட்ஜை நகர்த்தி, இரண்டு ஸ்பீக்கரையும் ஹாலிலேயே வைத்தாள். எங்களை நடுவில் உட்காரவைத்து அந்தப் பாட்டைப் போட்டாள். இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் புல்லாங்குழல்.

"ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் வேற வேற வாத்தியம் வரும்ப்பா. இத்தினி வருஷமா ஆளுக்குப் பாதிப் பாட்டைக் கேட்டுக்கினு இருந்திருக்கீங்க" என்று சிரித்தாள்.

"நீங்க சொன்னதும் சரிதாங்க" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை.

மகள் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். புது செட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாடகர் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்ததும் மனைவி "நல்லா இருக்குது" என்பாள். "ஆமா" என்பேன். அதற்குமேல் பேச எதுவும் இருக்காது. விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி மரியாதையாகக் குடும்பம் நடத்தினோம். அவள் பக்கத்திலேயே இருந்தும் அவள் இல்லாத வீடு மாதிரி இருந்தது. என்னால் தாங்கமுடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தபோது அதே பாட்டைப் போட்டேன். புல்லாங்குழல் என் வலது காதைக் குடைந்துகொண்டு போனது.

"எனக்கு இப்பவும் புல்லாங்குழல் எதுவும் கேக்கல" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குந்தான் வயலின் கேக்கல" என்றாள்.