பூட்டிய அலமாரிக்கு ஒரு மனு

பாறசாலையிலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் திருவனந்தபுரம் வரும் ஜெயபாய் என்ற பெண்மணிக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்து இருக்கைக்காரர் பத்திரிகையை விரித்தால் போதும், அவரோடு சேர்ந்து இவரும் வாசித்துவிடுவார். அந்த ஆள் பாதியில் மடித்து வைத்தால், "மீதி என்னா போட்டிருக்குது?" என்று கூச்சமில்லாமல் கேட்பார். அப்படிப்பட்டவர், கிள்ளிப்பாலம் அருகே தாம் வேலை பார்த்த அரசு நூலகத்தில் ஓர் அலமாரி ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று பதினோரு வருஷமாகக் கேட்கவே இல்லை.

பழைய பத்திரிகைப் பிரிவின் கடைசி அலமாரி அது. நெருக்கடி நிலைக் காலத்துப் பத்திரிகைகளை அட்டை போட்டுத் தைத்து அதற்குள் அடுக்கியிருந்தார்கள். அந்த நாட்களில் எதை அச்சடிக்கலாம், எதை அச்சடிக்கக் கூடாது என்று அரசாங்க அதிகாரி பார்த்துச் சொல்ல வேண்டும். யாராவது அந்தத் தொகுப்புகளைக் கேட்டு வந்தால் ஜெயபாயிடம் ஒரே பதில்தான்: "குடுக்க முடியாது சாரே. ஓர்டர் உண்டு." அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிவிட்டுப் போன பதில் அது. அவரிடம் அவருக்கும் முன்னால் இருந்தவர் சொன்னாராம்.

2006 ஜூன் மாதம், கொட்டும் மழையில் நயினார் என்பவர் வந்தார். சாலை என்ற பெயருள்ள கடைவீதியில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். காலமான அவருடைய அப்பா தளவாய் அதே கடைவீதியில் சின்ன அச்சகம் வைத்து, தமிழில் நாலு பக்க வாரப் பத்திரிகை நடத்தியவர். 1976இல் பத்திரிகை நின்றது. வீட்டில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

"சொந்தக்காரங்க கூடுனா இதே பேச்சுதான் மேடம். போலீசுக்குப் பயந்து உங்கப்பா பேப்பரை மூடிட்டாருன்னு சொல்லுதாவ. நா அப்ப ஆறாங்கிளாசு. கடைசியா என்ன எழுதினாருன்னு பாத்தாத்தான் நெசம் தெரியும்."

"குடுக்க முடியாது. ஓர்டர் உண்டு."

"சரி, அந்த ஓர்டரையாவது காட்டுங்க. பாத்துட்டுப் போயிருதேன்."

அந்த உத்தரவை ஜெயபாயே பார்த்ததில்லை.

அன்று மதியம் சூப்பிரண்டு சாம்பசிவனிடம் போய்க் கேட்டார். அவர் வலியசாலை அக்ரகாரத்துக்காரர்.

"இருக்கும்மா. இல்லாமயா இத்தனை வருஷம் பூட்டி வெச்சிருப்பா?"

"சார் கண்டிட்டுண்டா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? இருக்குன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே."

அந்தப் பதில் ஜெயபாயைத் தூங்க விடவில்லை. முந்தைய வருஷம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்திருந்தது. பத்து ரூபாய் கட்டி மனு கொடுத்தால் அரசு அலுவலகம் முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நூலக வாசலில் அந்த அறிவிப்பை ஒட்டியதே அவர்தான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கடைசி அலமாரியைப் பூட்டச் சொன்ன உத்தரவின் நகல் வேண்டும் என்று எழுதித் தம் அலுவலகத்திலேயே கொடுத்தார்.

நாலாம் நாள் சாம்பசிவன் கூப்பிட்டார். தகவல் அதிகாரியும் அவர்தான்.

"ஏம்மா, ஆத்துல இருந்துண்டே ஆம்படையானுக்கு ரெஜிஸ்டர் தபால் போடறாப்ல இருக்கே இது."

"பதில் கிட்டுமில்லியா சார்?"

"கிடைக்காம? சட்டமாச்சே. சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பிட்டேன்." அவர் நீட்டிய தாளின் ஓரத்தில், பதில் தயாரிக்க வேண்டியவர் ஜெயபாய் என்று எழுதியிருந்தது.

கேட்டவரும் அவரே, பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கேட்டவருக்குப் பொய் சொல்ல வழியில்லை. ஜெயபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோப்பு அறைக்குள் இறங்கினார். உத்தரவுக் கோப்புகளை வருஷவாரியாகப் புரட்டினார். தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. வாரத்துக்கு ஒருமுறை நயினார் வந்து எட்டிப் பார்ப்பார்.

"உங்க மனுவுக்கு நீங்க பதில் குடுத்தாச்சா மேடம்?"

"பரிசீலனையில உண்டு."

பத்தொன்பதாம் நாள் அது கிடைத்தது. உத்தரவுக் கோப்பில் அல்ல, மேசை நாற்காலிக் கோப்பில். 1979ஆம் வருஷத் தேதியிட்டு யாரோ மலையாளத்தில் எழுதிய சின்னக் குறிப்பு: கடைசி அலமாரியின் கால் முறிந்து சாய்ந்து நிற்கிறது, தச்சர் வந்து சரிசெய்யும்வரை இதிலிருந்து யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அந்த மர அலமாரியே இப்போது இல்லை. எப்போதோ இரும்பு அலமாரி வந்து, தொகுப்புகள் அதற்குள் இடம் மாறியிருந்தன. கூடவே தடையும் மாறி உட்கார்ந்துகொண்டது.

ஜெயபாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, தாம் திருப்பி அனுப்பிய முகங்கள் நினைவுக்கு வந்தன. ஆராய்ச்சிக்காக இரண்டு தடவை வந்த ஒரு பெண். ஊன்றுகோலோடு மாடியேறி வந்த ரயில்வேக்காரர். அவர்களைத் தேடிச் சொல்ல ஒரு முகவரி கூட அவரிடம் இல்லை. 'தாங்கள் கோரிய உத்தரவு எதுவும் இந்த நூலகத்தில் இல்லை' என்று தமக்குத் தாமே பதில் எழுதி, குறிப்பையும் சேர்த்து சூப்பிரண்டிடம் வைத்தார். சாம்பசிவன் குறிப்பை இரண்டு தடவை வாசித்தார்.

"அந்தத் தச்சன் வந்தானோ இல்லையோ," என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தார்.

மறுநாள் சேதி கேட்டு நயினார் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடிவந்தார். அப்பாவின் பத்திரிகைத் தொகுப்பில் கடைசி இதழை விரித்ததும் அவர் முகம் வாடியது. தலையங்கம் இல்லை, ஊர்ச் செய்தி இல்லை. மூன்று பக்கம் முழுக்கச் சாலைக் கடைவீதி விலை நிலவரம்.

"பயந்துதான் போயிருக்காரு மேடம். சொந்தக்காரங்க சொன்னது சரிதான்."

ஜெயபாய்க்குக் கை சும்மா இருக்கவில்லை. முந்தைய இதழைப் புரட்டினார். அதிலும் விலை நிலவரம். அதற்கு முந்தியதிலும் அதே. "இது எல்லாத்துலயும் ஒரே விலையாக்கும் சாரே," என்றார்.

நயினார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிளகாய் வரிசையில் விரலை வைத்துக் கடைசி ஆறு இதழ்களையும் பார்த்தார்.

"ஆறு வாரமா மொளகா ஒரே விலையில நிக்குமா? நாலு நா மழை பேஞ்சாலே ஏறிரும். எங்கப்பா இருந்தது சாலையில, அவருக்கா தெரியாது?" அவர் குரல் மாறிவிட்டது. "வேணும்னே போட்டிருக்காரு. வேற எழுத விட மாட்டேங்கான்னு சாலைக்காரனுக்கெல்லாம் புரிஞ்சிருக்கும். அதிகாரிக்கு மட்டும் புரிஞ்சிருக்காது."

கடைசி இதழின் நாலாம் பக்கத்தில் ஒரு வாசகர் கடிதம் இருந்தது. 'விலை ஏன் மாறவே இல்லை?' அதன் கீழே ஆசிரியரின் பதில்: 'விசாரித்து அடுத்த வாரம் சொல்கிறோம்.'

அடுத்த வாரம் இதழ் இல்லை.

நயினார் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நிறுத்தினது யாரு மேடம்? எங்கப்பாவா, அரசாங்கமா?"

"அது இந்த அலமாரியில இல்ல," என்றார் ஜெயபாய். "அந்தக் காலத்துல பேப்பரைப் பாத்துச் சொன்ன அதிகாரி வச்சிருந்த ஃபைல் எங்கயாவது இருக்கும்." மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இந்தத் தடவை நீங்க எழுதுங்க சாரே. எந்த ஆஃபீசுக்குன்னு நான் பாத்துச் சொல்றேன்."