கறுப்புக் காய்களோடு கடைசிச் சுற்று

பதினெட்டு வருடமாக மருத்துவமனை எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவள் அவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாளைக்கு நூறு முறையாவது சொல்லுவாள். செஸ் கிளப்பில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரேதான். அங்கே எல்லோரையும் ஒரு கை பார்த்திருந்தாள், அக்காவின் கணவரைத் தவிர. அவரிடம் பதின்மூன்று முறை தோற்றாயிற்று.

அந்த வருட நகரப் போட்டியில், கடைசிச் சுற்றில் மறுபடியும் அவர். அவருக்கு வெள்ளை, இவளுக்குக் கறுப்பு. டிரா ஆனாலே கோப்பை அவருக்கு. இவள் ஜெயித்தே ஆக வேண்டும்.

அரங்க வாசலில் அக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமாவோட கை நடுக்கம் இனிமே கூடத்தான் செய்யும்னு டாக்டர் சொல்லிட்டார்டி. அவருக்கு இதான் கடைசிப் போட்டி. கொஞ்சம் பாத்து ஆடு."

"பாத்துன்னா?"

அக்கா பிடித்த கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மூன்றரை மணி நேரம் போயிற்று. இவளுடைய சிப்பாய் ராணியாக ஒரே கட்டம்தான் பாக்கி. அந்தக் கட்டத்தை அவருடைய யானை அடைத்துக்கொண்டு நின்றது.

"டிரா வச்சுக்கலாமா?" என்றார்.

"இல்ல மாமா, ஆடலாம்."

அவர் ராஜாவை எடுக்கக் கை நீட்டினார். விரல் நடுங்கியதில் யானை உருண்டு விழுந்தது. நடுவர் விரைந்து வந்தார். வேண்டுமென்றே தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி; தெரியாமல் தட்டியது கணக்கில் வராது. யானை நகர்ந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

"யானையை வேணும்னே தொட்டாராம்மா?"

"இல்ல சார். கை தட்டிடுச்சு. ராஜாவைத்தான் எடுக்கப் போனார்."

ஆட்டம் தொடர்ந்தது. இவள் கடிகாரத்தில் இரண்டே நிமிடம். இவளுடைய ராஜா சிப்பாய்க்குத் துணையாகக் கட்டம் கட்டமாக நடந்தது. அதற்குள் அவர் மறுபக்கம் இவளுடைய சிப்பாய்களை வெட்டித் தள்ளிவிட்டு, தன் சிப்பாயை ஓடவிட்டார். கடைசியில் அவர் யானையைப் பறிகொடுத்துத்தான் அந்தக் கறுப்புச் சிப்பாயை வெட்ட முடிந்தது. இவளுடைய யானை பாய்ந்து வந்து, ராணியாக இரண்டு கட்டம் இருக்கையில் வெள்ளைச் சிப்பாயை மடக்கியது. இவள் கடிகாரத்தில் மிச்சம் பதினொரு விநாடி.

அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார்.

"விட்டுக்கொடுத்திருந்தா உன் முகத்துலயே முழிச்சிருக்க மாட்டேன்."

"அக்கா?"

"ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா."

மூன்று மாதம் அக்கா பேசவில்லை. பிறகு ஒரு காலை, எக்ஸ்ரே அறைக்கே அக்காவின் போன் வந்தது.

"அவர் சொல்லச் சொல்ல நான்தான் காயை நகர்த்துறேன். எனக்கு ஒண்ணும் மண்டையில ஏறல. ஞாயித்துக்கிழமை அவரோட ஆட வந்து சேருடி."