மடை திறக்காத வருஷம்

கண்மாய் மடையைத் திறந்தாலும் ஏச்சு, அடைத்தாலும் ஏச்சு. என்னைப்போல் நீர்பாய்ச்சி வேலை பார்த்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் ஊர். அறுவடையில் வயல்காரர்கள் கொடுக்கும் கதிர்க்கட்டுதான் எனக்குக் கூலி.

நண்டு வளை

மடையை ஒட்டிய முதல் வயல் சீனியப்பனுடையது. ஒரு போகத்தில் அவர் வயலுக்குத் தண்ணீர் குறைந்தது. நான் வேறு ஆளுக்குத் திருப்பிவிட்டதாக ஊர்க்கூட்டத்தில் சொன்னார். எல்லோரையும் கூட்டிப்போய், வாய்க்கால் கரையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த நண்டு வளையைக் காட்டினேன். ஊரே சிரித்தது. அவர் மட்டும் விடவில்லை. "அந்த நண்டுக்கு வளை தோண்டிக் கொடுத்ததே நீதானலே!" அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு தண்ணீர்

பிறகு மழை பொய்த்த வருஷம் வந்தது. நெல் பால் பிடிக்கும் நேரம். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் பிழைக்கும். பாய்ச்சினால் கண்மாய் காலி. கரைக்குக் கீழே இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு கண்மாய்த் தண்ணீர் கசிந்துதான் ஊறுகிறது. மற்ற கிணறெல்லாம் உப்பு. பாதி விட்டால் பயிருக்கும் பத்தாது, கிணற்றுக்கும் நிற்காது.

கூட்டத்தில் மாடு வைத்திருந்தவர்களும் மீன் குத்தகைக்காரரும் திறக்காதே என்றார்கள். வயல்காரர்கள் திற என்றார்கள். அவர்கள் சத்தம்தான் ஜெயித்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த எஸ்தர் மட்டும் எழுந்து கேட்டாள்: "நெல்ல சாத்தூர்ல வாங்கிக்கிடலாம் அண்ணாச்சி, தண்ணிய எந்தக் கடையில வாங்க?"

தேங்காய்

முதல் வயல்காரர் தேங்காய் உடைத்த பிறகுதான் எங்கள் ஊரில் மடை திறக்க வேண்டும். மறுநாள் காலையில் நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மடைப் பலகையில் கை வைத்து நின்றேன். சீனியப்பன் தேங்காயோடு வந்தார். தன் பயிரைப் பார்த்தார். ஊரிலேயே அதுதான் செழித்த பயிர். கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே குடத்தோடு நின்ற எஸ்தரிடம் தேங்காயை நீட்டினார். வயல்காரர்கள் கத்திய கத்தலில் கரையே அதிர்ந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "சட்டினிக்கு வச்சுக்க தாயி. மடை மூடியே கெடக்கட்டும்."

கிணற்றடி

பயிர் காய்ந்தது. ஊர் மாடுகளை அவரே தன் வயலில் மேயவிட்டார். என் கதிர்க்கட்டும் அதோடு போனது. ஆனால் கோடை முழுக்கக் கிணற்றில் வாளி நனைந்தது. ஒருநாள் அவர் குடத்தோடு கடைசியில் நின்றார். பெண்கள் விலகி, "முன்னால வாங்க" என்றார்கள். "வயலுக்குத்தான் நான் முதல் ஆளு. இங்கன எல்லாரும் போல நிக்கேன்."

பகையாளியை மனசுக்குள்ளேயே கும்பிட்டுக்கொண்டு, வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைவிடக் கஷ்டமான வேலை இந்தத் தொழிலில் இல்லை.