கல்லூரி முதலில், பள்ளி அப்புறம்

என் மாமா மகள் அராசெலிக்கு ஏப்ரல் மாதம் என்றாலே பிடிக்காது. டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் மற்றப் பிள்ளைகள் ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் இரண்டு குடும்பமும் மெத்தைகளைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு வடக்கே மிச்சிகனுக்கு அறுவடை வேலைக்குக் கிளம்பிவிடும். அங்கே அஸ்பாரகஸ் என்கிற காய்கறித் தண்டு முளைத்துவிட்டால் ஒருநாள்கூடப் பொறுக்காது. அன்றன்றைக்கு வெட்டியாக வேண்டும்.

பள்ளியில் எங்களுக்கு மட்டும் தேர்வை முன்கூட்டி வைப்பார்கள். தொல்லை கல்லூரியில்தான். பத்தாம் வகுப்பிலிருந்து, பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடங்களையும் எடுக்கலாம் என்று ஏற்பாடு வந்தது. தேறினால் அந்தப் பாடத்தைப் பள்ளி, கல்லூரி இரண்டிலும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். அராசெலி முதல் ஆளாகச் சேர்ந்தாள். ஆனால் கல்லூரித் தேர்வு மே மாதத்தில். அந்த ஆண்டு அவள் வரலாற்றில் தேறவில்லை. தேர்வு நடந்த அன்று என் பக்கத்து வரிசையில் குனிந்து தண்டு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"காலேஜெல்லாம் காலேஜ் போற வயசுல வரும். இப்ப கூடையைப் பாரு" என்றார் அவள் அப்பா எவுசேபியோ மாமா.

மறு ஆண்டு அவள் உயிரியல் எடுத்தாள். வேறு எதையாவது எடுத்திருக்கலாம். உயிரியலில் கடைசித் தேர்வு ஆய்வகத்தில். நுண்ணோக்கியில் பார்த்து, ஓர் ஆட்டு இதயத்தைக் கையால் அறுத்துக் காட்ட வேண்டும்.

"முன்னாடியே வச்சிருங்க சார்" என்று உயிரியல் ஆசிரியர் புரூவிட்டிடம் கேட்டாள்.

"இன்னும் பாதிப் பாடம் நடத்தலையேம்மா. எதை வச்சுத் தேர்வு வைக்கிறது?"

"மிச்சத்தை நான் அங்க படிச்சுக்கறேன்."

"படிச்சுக்குவ. அறுக்கறதுக்கு ஆய்வகம்?"

ஏப்ரலில் வழக்கம்போல் கிளம்பினோம். வண்டியில் போகிற வழியெல்லாம் அந்தத் தடிமனான புத்தகம் அவள் மடியில்தான். "ஆடு அறுக்கறவளுக்கு எதுக்குடி இவ்வளவு படிப்பு?" என்று நான் சீண்டினேன். புத்தகத்தாலேயே என் தலையில் ஒன்று வைத்தாள்.

மிச்சிகனில் நாங்கள் வேலை செய்த வயலிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் ஓர் ஊர்க் கல்லூரி இருந்தது. ஆண்டாண்டாக அதைக் கடந்துதான் துணி துவைக்கப் போவோம். ஒருநாள் வெட்டு முடிந்து போகும்போது அராசெலி, "நிறுத்துங்கப்பா" என்றாள்.

"என்ன, வாந்தி வருதா?"

"இல்ல. உள்ள போயிட்டு வரேன்."

அவள் காலில் முழங்கால் வரை வயல் மணல் ஒட்டியிருந்தது. நானும் பின்னால் ஓடினேன். உயிரியல் துறை எது என்று கேட்டுக் கேட்டு ஓர் அறைக்குப் போனோம். உள்ளே ஒரு பெண் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். கதவில் டாக்டர் வாண்டர்வீன் என்றிருந்தது.

அராசெலி மூச்சு விடாமல் சொன்னாள்: "எனக்கு டெக்சாஸ்ல ஒரு ஆய்வகத் தேர்வு இருக்கு. நான் இங்க தண்டு வெட்டறேன். உங்க ஆய்வகத்துல, உங்க கண்ணு முன்னாடி எழுதிக்கிறேன். விடுவீங்களா?"

அந்தம்மா மென்று முடித்தார். "உன் ஆசிரியர் ஒத்துக்கிட்டாரா?"

"அவர்கிட்ட இன்னும் கேக்கல. நீங்க சரின்னா கேக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். "நம்பரைக் குடு."

தொலைபேசியில் புரூவிட் முதலில் முடியாது என்றார். குரல் எங்களுக்கே கேட்டது. "அங்க யாரு மேற்பார்வை பாக்கறது?"

"நான் பாக்கறேன். இருபது வருஷமா இதைத்தான் பாக்கறேன். உங்க கேள்வித்தாளை அனுப்புங்க. ஆட்டு இதயம் எங்ககிட்ட நிறையவே இருக்கு."

மறுமுனையில் புரூவிட் தாள்களைப் புரட்டுவது கேட்டது. பிறகு, "அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்காளா? தேர்வன்னைக்கு கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

தேர்வன்று மாமாதான் வண்டி ஓட்டினார். அவள் உள்ளே போனதும் வண்டியில் உட்கார முடியாமல், ஆய்வகச் சன்னல் பக்கம் போய் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கத்தியை மெல்ல இறக்கி, இதயத்தை இரண்டாகத் திறந்து, ஒவ்வோர் அறையாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கை நடுங்கவே இல்ல பாரு" என்றார் மாமா, என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல்.

வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். அடுத்த ஆண்டு எங்களைப் போல் வயலுக்குப் போகிற பிள்ளைகள் கேட்டபோது, புரூவிட்டே மிச்சிகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பின் அராசெலி ஒரு பாடத்தையும் விடவில்லை. தேறாமல் போன வரலாற்றையும் திரும்ப எழுதித் தேறினாள். பன்னிரண்டாம் வகுப்பு வசந்தத்தில் ஈராண்டுக் கல்லூரிப் பட்டம் உறுதியாகிவிட்டது. பள்ளிப் படிப்புதான் இன்னும் முடியவில்லை. கல்லூரிப் பட்டமளிப்பு மே மாதம். வயல் முதலாளி மிச்சிகனிலிருந்து போன் செய்தார்: "எவுசேபியோ, தண்டு இடுப்பு உயரம் வந்துரும்யா, எப்ப வர்ற?"

"வளரட்டும். எம்பொண்ணு பட்டம் வாங்கறா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கல்லூரி அரங்கில் மாமா போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவர், "பொண்ணு எந்த ஸ்கூல்ல படிச்சு முடிச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் முடிக்கலைங்க," என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி. "அதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு."