சங்கத்தில் சேர மாமி மூட்டிய அடுப்பு

சிலாபத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை கிடைத்த மூன்றாம் வாரமே என் முதல் வாடிக்கையாளர் யார் என்று முடிவு செய்துவிட்டேன். என் மாமி. அப்பாவின் அக்கா. அறுபத்தெட்டு வயது, பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்தபின் கற்பிட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. பல்கலைக்கழக வளாகத்தில் நான் படித்த முகாமைத்துவம் முழுவதையும் ஒரு மாலையில் அவர்முன் கொட்டினேன். பயிற்சியில் சொல்லித்தந்த வசனங்கள், கம்பனி கொடுத்த டெப்லெட்டில் வண்ணப் படங்கள், நரைத்த தலையோடு சிரிக்கிற தம்பதிகள், எல்லாம்.

மாமி சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எட்டிப் பார்த்தார்.

“இவங்க ரெண்டு பேரும் என்னத்துக்குச் சிரிக்கிறாங்க?”

“செத்த வீட்டுச் செலவுக்கு இனிக் கவலையில்ல எண்டு, மாமி.”

“குழி வெட்ட ஆர் வருவாங்க?”

“காசு வரும். காசு குடுத்தா வெட்டுவாங்கதானே.”

“காசு குடுத்து வெட்டுற குழியை நான் பாத்திட்டன்” என்று சொல்லிவிட்டு மீண்டும் மீனைக் கையில் எடுத்தார்.

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்திய மாதம் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு கிழவி இறந்திருந்தார். தம்பியின் மகனோடு இருந்தவர். அன்றைக்கு வலைகளில் இறால் வாரிப் பட்டுக்கொண்டிருந்தது, போட்டுகள் எல்லாம் கடலில். ஊர் மரண உதவிச் சங்கத்தில் அவர் இல்லாததால் வரவேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இருக்கவில்லை. நல்ல மனம் உள்ள சிலர் போனோம். குழி வெட்டவும் பெட்டி தூக்கவும் பக்கத்து ரவுணிலிருந்து கூலிக்கு நாலு பேரைப் பிடித்து வந்தார்கள். குழி வெட்டிய சவக்காலை வரைக்கும் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வந்தவனின் காதில் இயர்ஃபோன். மாமி பெட்டிக்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டே போனார்.

எங்கள் ஊரில் சங்கம் என்றால் அதுதான். ஒரு வீட்டில் மரணம் என்றால் தகரப்பந்தல் வரும், கதிரைகள் வரும், பெட்டிக்கான பணம் வரும். அதைவிடப் பெரியது, வீட்டுக்கு ஒருவர் வந்தே ஆகவேண்டும். ஆண்கள் குழி வெட்டுவார்கள், பந்தல் போடுவார்கள். பெண்கள் தேத்தண்ணி ஊற்றுவார்கள், இரவு முழுக்க இருப்பார்கள். வராதவருக்குத் தண்டப்பணம். பெரிய போட்டுக்காரனுக்கும் கூலிக்கு வலை இழுப்பவனுக்கும் அதே தகரம், அதே கதிரை. நான் டெப்லெட்டில் விற்கத் திரிந்த சாமானை ஊர் எனக்கு முன்பே செய்து வைத்திருந்தது. அதுவும் ஆட்களோடு சேர்த்து.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. சங்கத்தில் சேர்வது குடும்பம். குடும்பத் தலைவர், துணை, கலியாணம் ஆகாத பிள்ளைகள், இரு பக்கத்துத் தாய் தகப்பன். அவ்வளவுதான். அப்பாவின் பெயரில் நாங்கள் எல்லோரும் உள்ளே. அப்பாவின் விதவை அக்கா வெளியே. கணவருடைய ஊர்ச் சங்கம், ஊரை விட்டு வந்ததோடு போயிற்று. ஐந்தாறு வருடமாக எங்கள் ஊரில் ஒரு செத்த வீடு விடாமல் போய்ப் பெரிய கேத்திலைத் தூக்கிய மாமி, எந்தச் சங்கத்திலும் இல்லை.

நான் கம்பனிக்கு ஓடினேன். வயோதிபருக்கான திட்டத்தில் சேரும் வயதெல்லையை மாமி தாண்டியிருந்தார். இன்னொன்றில் அவருடைய சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, குறுக்கே நின்றது. என் சொந்தக் காப்புறுதியோடு இறுதிச் சடங்குக்கான ஒரு மேலதிக அனுகூலத்தை எடுக்கலாம் என்று கண்டுபிடித்து மேலாளரின் மேசைக்குப் பாய்ந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா அப்பாவப் போடலாம். கலியாணம் கட்டினா மாப்பிள்ளைட அம்மா அப்பாவப் போடலாம்.”

“அப்பாட அக்கா, சேர்?”

“அப்பாட அக்கா, அம்மாட சித்தி எண்டு எடுத்தா ஊரே வந்து ஏறிரும், மிஸ்.”

பஸ்ஸில் வீடு வரும்போதுதான் உறைத்தது. கடற்கரைச் சங்கத்தில் இருந்த அதே ஓட்டை, குளிரூட்டிய அறையிலும் அதே இடத்தில் இருந்தது. மனைவியாகவும் இல்லாமல் தாயாகவும் இல்லாமல் ஒரு பெண் ஒரு வீட்டில் இருப்பாள் என்பதை இரண்டு இடத்திலும் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேகமும் வரும்.

அன்று பின்னேரமே சங்கச் செயலாளரைப் பிடித்தேன். அவர் போட் எஞ்சின் திருத்துகிறவர். கிறீஸ் கையோடு நிமிர்ந்தார். இளைய பெண்களை எல்லாம் தங்கச்சி என்று சொல்லாமல் சிங்களத்தில் நங்கி என்பார்.

“வயசெல்லாம் பிரச்சினையில்ல, நங்கி. தனிக் குடும்பமா இருந்தாச் சேரலாம்.”

“தனிக் குடும்பம் எண்டா?”

“தனி அடுப்பு. கமிட்டியில மூண்டு பேர் வந்து பாப்பம். சேர்ந்து ஆறு மாசம் போகோணும், அதுக்குப் பிறகுதான் சங்கம் பொறுப்பு. அதுக்குள்ள ஆளுக்கு ஒண்டும் ஆகாமப் பாத்துக்கொள்ளுங்க.”

இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டின் பின்பக்கத்தில் கூரையைச் சாய்த்து இறக்கி, வலை போட்டு வைக்கிற பத்தி ஒன்று உண்டு. சனிக்கிழமை அதைக் கூட்டித் துடைத்து, என் முதல் சம்பளத்தில் ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வந்து வைத்தேன். புதுப் பிளக், சிவப்பு விளக்கு. அப்பா அப்போது மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தார். ஞாயிறு மத்தியானம் கமிட்டி வந்தது. செயலாளர், ஒரு தேங்காய் வியாபாரி, கோயிலில் மணி அடிக்கிற அண்ணன்.

தேங்காய் வியாபாரி ரைஸ் குக்கரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து பிளக்கைக் கழற்றினார்.

“இப்ப உங்கட குடும்பம் எங்க?”

மணி அடிக்கிற அண்ணன் கறிச்சட்டியைத் தேடினார். கறி அம்மாவின் அடுப்பில் இருந்து வந்திருந்தது. அம்மாவே வாசலில் அகப்பையோடு நின்றார்.

“சோறு ஒரு வீட்டுல, கறி ஒரு வீட்டுல. இது குடும்பம் இல்ல மகள், கடைச் சாப்பாடு” என்றார் அந்த அண்ணன். மூவரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

மாமி எனக்கு ஏசவில்லை. ரைஸ் குக்கரைத் தூக்கி என் கையில் தந்தார்.

“நீ படிச்சது காணும். போய்க் கல்லு மூண்டு கொண்டா.”

கல்லைக் கொண்டுவந்தேன். அவரே மண் குழைத்தார், அடுப்புப் போட்டார், காயவிட்டார். எரிக்கத் தேங்காய்ப் பொச்சுமட்டை பொறுக்கிப் பத்தியின் மூலையில் அடுக்கினார். சட்டி, பானை, அகப்பை எல்லாம் புத்தளத்துக்குப் போய் வாங்கினார். அம்மா கொடுத்த உப்புப் போத்தலைக்கூடத் திருப்பி அனுப்பினார். “உப்புக் கடன் வாங்கினாலும் கமிட்டி பிடிக்கும்” என்றார்.

அப்பா வந்த அன்று பத்தியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. பையை இறக்காமலே பின்பக்கம் போனார்.

“இது என்ன கூத்து? என்ட வீட்டுல ரெண்டு அடுப்பா?”

“எனக்குச் சங்கத்தில சேரோணும்” என்றார் மாமி, ஊதுகுழலை வைக்காமல்.

“ஊர் என்ன கதைக்கும்? தம்பிக்காரன் அக்காவுக்குச் சோறு போடல்ல எண்டு கதைக்கும்.”

“நான் உசிரோட இருக்கேக்க கதைச்சா நான் பதில் சொல்லுவன். செத்த பிறகு சொல்லேலாது.”

“உன்னை நான் பாக்க மாட்டனா அக்கா? பெட்டி வாங்க மாட்டனா?”

“வாங்குவாய். நீ எனக்கு முந்திப் போனா?”

அப்பா பையைத் தொப்பென்று இறக்கினார். அம்மா பக்கம் திரும்பி, “இதெல்லாம் உன்ட மகள்ட வேலை” என்றார். அவருக்குக் கோபம் வந்தால் நான் அம்மாவின் மகள்.

அதற்குப் பிறகு அப்பா மாமியோடும் என்னோடும் கதைக்கவில்லை. ஒரே கிணற்றடியில் அப்பாவும் மாமியும் முகம் கழுவுவார்கள், இவர் கிழக்கே பார்ப்பார், அவர் மேற்கே பார்ப்பார். அம்மா நடுவில் வாளியோடு நிற்பார். நான்கூட ஒரு இரவு, இதைத் தொடக்கி வைத்திருக்கவேண்டாமோ என்று யோசித்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் மாமி ஏற்கனவே அடுப்பு மூட்டியிருந்தார். யோசனை போய்விட்டது.

ஒரு நாள் அரை நாள் லீவில் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அம்மா தையலுக்குப் போயிருந்தார். பின்பக்கம் போனால், பத்திக்குள் கவிழ்த்த மீன்பெட்டியில் அப்பா. மடியில் சோற்றுக் கோப்பை. மாமி புளிப்புக்குக் கொறக்காய் போட்டு வைத்த பாரை மீன் ஆணத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோப்பை காலியானதும் மாமி இன்னொரு அகப்பை ஊற்றினார். நான் சத்தம் போடாமல் முன்பக்கம் வந்து, கேற்றைப் பலமாக அடித்துச் சாத்திவிட்டு, இரண்டாம் தரம் வீட்டுக்கு வந்தேன்.

கூட்டம் ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில். கமிட்டி இரண்டாம் தரம் வந்து அடுப்பைப் பார்த்திருந்தது. இம்முறை தேங்காய் வியாபாரிக்குக் கழற்ற ஒன்றும் கிடைக்கவில்லை. நான் பேச்சுத் தயாரித்துக்கொண்டு போனேன். நாலு பக்கம். எழும்பினேன்.

“குடும்பத் தலைவர் அல்லாதவங்க கதைக்கேலாது நங்கி. இருங்க” என்றார் செயலாளர். இருந்தேன்.

தேங்காய் வியாபாரி எழும்பினார். “ஒரு கேற்று, ஒரு கிணறு, ஒரு கரண்ட் பில். இதை ரெண்டு குடும்பம் எண்டு ஏத்துக்கொண்டா நாளைக்கு எல்லாரும் வீட்டுல உள்ள கிழடுகளுக்குக் கல்லு வைப்பாங்க. சங்கம் தாங்குமா?”

அது நியாயமான கேள்வி. எங்கள் கம்பனியிலும் இதே பயத்தைத்தான் வேறு சொல்லில் சொல்வார்கள். மண்டபத்தில் பல தலைகள் ஆடின. மாமி பின்வரிசையில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். இம்முறை இல்லை என்றால் இனி இல்லை என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

சங்கத் தலைவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். அக்கா உம்மட அடுப்பிலயா சாப்பிடுறா?”

அப்பா எழும்பினார். அக்கா தன் அடுப்பில் சாப்பிடுவதில்லை என்று ஊருக்கு முன்னால் சொல்ல மாட்டேன் என்றுதான் பல நாள் முறைத்திருந்தார். தரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“இல்ல” என்றார். பிறகு, “நான்தான் அவட அடுப்பில சாப்பிடுறன்.”

மண்டபம் வெடித்தது. “அப்ப நீ எந்தக் குடும்பம்டா? உன்னைத்தான் சங்கத்தால வெட்டோணும்!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். “கறி என்ன கறி எண்டு கேளுங்க!” என்றார் இன்னொருவர். அம்மா முகத்தை மூடிக்கொண்டார், சிரித்தாரா வெட்கப்பட்டாரா என்று தெரியவில்லை. தேங்காய் வியாபாரியும் சிரித்துவிட்டார். சிரித்தபின் மறுப்பது கஷ்டம். தலைவர் கை உயர்த்தச் சொன்னார். கைகள் எழும்பின. முதலில் எழும்பியது அப்பாவின் கை.

அடுத்த வாரமே இரண்டு விதவைகள் மாமியின் அடுப்பைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் கல்லின் இடைவெளியைச் சாணால் அளந்துகொண்டு போனார். சங்கம் தாங்குமா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அதனால் சந்தாவைக் கொஞ்சம் கூட்டினால் கணக்கு எப்படி வரும் என்று போட்டுச் செயலாளரிடம் கொடுத்தேன். கம்பனியிலும் மாதக் கூட்டத்தில் “விதவைச் சகோதரிகள்” என்று எழும்பினேன். மேலாளர் யோசனையாக எழுதித் தரச் சொன்னார். தந்தேன். பதில் இல்லை. அடுத்த மாதமும் எழும்பினேன். இப்போது நான் எழும்பினாலே அவர், “தெரியும் மிஸ், அப்பாட அக்கா” என்கிறார். விடுவதாக இல்லை.

மாமியின் ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. தேத்தண்ணிக்குச் சீனியை விட்டுவிட்டார், கிளினிக் நாளைத் தவறவிடுவதில்லை. “இந்த ஆறு மாசம் எனக்குச் சாக நேரமில்ல” என்று கேட்டவருக்கெல்லாம் சொல்கிறார்.

போன கிழமை கோயிலடியில் ஒரு வயதானவர் இறந்தார். அறிவிக்க வந்த பெடியன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கேற்றடியில் கத்தினான்: “இந்த வளவில ரெண்டு குடும்பம், ரெண்டு பேர் வரோணும்!”

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்தார். “வெயிலா இருக்கு. நீ இரு அக்கா, உனக்கும் சேத்து நான் நிண்டுட்டு வாறன்.”

“உன்ட குடும்பத்துக்கு நீ நில். என்ட குடும்பத்துக்கு நான் வாறன்” என்றார் மாமி. அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார், சீலையை உதறிக் கட்டினார், செருப்பைப் போட்டார். அப்பா கேற்றைத் திறப்பதற்குள் ஒழுங்கையின் முடக்கைத் தாண்டிவிட்டார்.