குதிகாலைக் கேட்கும் தபால்காரர்

"இது என்ன மாத்திரை? பேரைச் சொல்லு."

டாக்சி ஓட்டும் ஆ-ஹாயின் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த மருந்துப் பொட்டலம் அதற்குள் ஜியான் வென்-ஷுங்கின் கைக்குப் போய்விட்டது.

"யோவ், வாயு மாத்திரைய்யா! குடு இங்க!"

"வாயுவுக்கா? சரி." பொட்டலம் திரும்பி வரும், அடுத்த மேசைக்கு நகர்வார். என் சிற்றுண்டிக் கடையில் தினமும் இந்தக் கூத்துதான். சோயாப்பால் குடிக்க வந்தவர்கள் மருந்தைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் கீலுங் நகரத்து மலைப்படிகளில் முப்பத்தோரு வருடம் கடிதம் கொடுத்த தபால்காரர் இவர். ஸ்கூட்டர் ஏறாத சந்துகளெல்லாம் அவர் பங்கு. மழையில் குடை பிடிக்கமாட்டார், கடிதப்பைக்குத்தான் பிடிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் இருமலும் காய்ச்சலும் வந்தது. ஒரு கிளினிக்கில் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இளைப்புக்கு இன்னோர் இடத்தில் ஸ்டீராய்டு. இவர் அங்கே கொடுத்ததை இங்கே சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நாலாம் நாள் குதிகாலுக்கு மேலே வலி. கிளினிக்குக்கு ஃபோன் போட்டார். "அறுபதாச்சில்ல, நடையைக் குறைங்க" என்றார்களாம். தபால்காரனிடம்!

ஆறாம் நாள், கோயிலுக்குப் போகும் படியில், பின்னாலிருந்து யாரோ காலில் ஓங்கி உதைத்தது போலிருந்தது. திட்டுவதற்காகத் திரும்பினார். யாருமில்லை. அறுந்தது குதிகாலின் தசைநாண். கடிதங்கள் படியெல்லாம் நனைந்து கிடந்தன. அறுவைச் சிகிச்சை, ஐந்து மாதம் ஊன்றுகோல், அப்புறம் ஓய்வு பெறும்வரை ஸ்டாம்பு விற்கும் நாற்காலி.

அந்த ஆன்டிபயாடிக் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அதன் பிறகுதான் பிரித்துப் படித்தார். "இருக்கு பாரு! நாண் அறுந்துபோகலாம், அறுபது தாண்டினவங்க, ஸ்டீராய்டு சாப்பிடறவங்க ஜாக்கிரதைன்னு அச்சடிச்சிருக்கான். எறும்பு படிக்கிறதுக்கு!"

கோபம் நியாயம்தான். ஆனால் இவர் பேச்சைக் கேட்டு மூன்றாவது மாடி லியென் அக்கா, இந்த வகையிலேயே சேராத ஒரு மருந்தைப் பாதியில் நிறுத்தி, சிறுநீரகத்தில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்று அவர் மனைவி யுவே-குவேய் என் கடை வாசலிலேயே வைத்துத் திட்டினாள். "டாக்டரைக் கேளுன்னு சொல்லுய்யா! நிறுத்துன்னு சொல்ல நீ யாரு?" அதற்குப் பிறகு 'நிறுத்து' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்கவில்லை.

போன மாதம் யுவே-குவேய்க்கு நுரையீரலில் சளி கட்டியது. பென்சிலின் அவளுக்கு ஆகாது. டாக்டர் எழுதியது இவர் நாணை அறுத்த அதே மருந்து.

"வேற எதுவுமே இல்லையா டாக்டர்?" அரை மணி நேரம் இதையே கேட்டாராம்.

"இருந்தா இதை எழுதியிருக்க மாட்டேன். குதிகால் வலிச்சா அடுத்த மாத்திரை போடாதீங்க. உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க."

ஏழாம் நாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு மாடிக்குப் போனேன். காய்ச்சல் விட்டிருந்தது. கடைசி மாத்திரை அவர் கையில் இருந்தது.

"குடுய்யா, ஏன் விஷம் குடுக்கிற மாதிரி முழிக்கிற?" என்றாள் அவள்.

கொடுத்தார். தண்ணீரும் கொடுத்தார். பிறகு, மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, குதிகாலுக்கு மேலே கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதா?"

"மாத்திரை இன்னும் தொண்டையைத் தாண்டல, மனுஷா!"

அவர் விரலை எடுக்கவில்லை.